காபி மெஷின் உப்புப் படிவுக்கு வினிகரா, சிட்ரிக் அமிலமா?

பாய்லரிலும் குழாய்களிலும் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இதுபோன்ற அமிலம் பட்டால் பொசுபொசுவென நுரைத்துக் கரையும். அதனால் வினிகரும் வேலை செய்யத்தான் செய்யும். சிக்கல் அதன் பிறகு. எத்தனை முறை அலசினாலும் புளித்த வாடை லேசில் போகாது. முதல் சில கோப்பைகள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்படி இருக்காது. அசிட்டிக் அமிலம் சில வகை ரப்பர் வாஷர்களையும் நாளடைவில் கெடுக்கும்.

சிட்ரிக் அமிலத்துக்கு வாடை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 20 கிராம் தூள் போதும். ஆனால் கரைசலைக் கொதிக்க விடாதீர்கள். சூட்டில் கால்சியம் சிட்ரேட் வெள்ளை மாவாகப் பிரிந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். வெதுவெதுப்பே சரி. என் ஓட்டு இதற்குத்தான்.

அலுமினியப் பாகம் உள்ள மெஷின் என்றால் இரண்டுமே அரிக்கும்; தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தையே வாங்குங்கள், கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள் (யாரும் புரட்டுவதில்லை).

குரூப் ஹெட்டில் (காபித் தூள் கைப்பிடியை மாட்டும் பாகம்) ஒட்டும் பழுப்பு எண்ணெய்ப் பிசுக்கை இரண்டுமே சரியாக எடுக்காது. அதற்குக் காரத்தன்மையுள்ள பவுடர்தான், அதுவும் தனியாக, வேறொரு தடவை.