வவுனியாவா, கொழும்பா? போர்க்காலத்தில் ஒரு குடும்பப் புடவைக்கடைக்கு ஏற்ற இடம்

1995 ஒக்ரோபர் 30 அன்று, போர் நெருங்கியதால், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, யாழ்ப்பாணத்து வியாபாரக் குடும்பங்கள் பல, பூட்டிய கடையின் சாவியையும் கடன் கொப்பியையும் மட்டும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தன. அடுத்த ஆண்டு வெளியே வந்து மறுபடியும் தொழிலைத் தொடங்க நினைத்தவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு ஊர்களே இருந்தன: ஒன்று வவுனியா, மற்றது கொழும்பு. எங்கள் குடும்பத்தில் சித்தப்பா வவுனியாவில் கடை போட்டார். அப்பா கொழும்பில் போட்டார். நான் அப்பாவின் கடையில் நின்றவன், இன்றும் அந்தத் தெரிவின் பக்கமே நிற்கிறேன். ஆனாலும் இரண்டு கடைகளின் கணக்கையும் பார்த்தவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். வவுனியாவில் வாடகை குறைவு, கடை வாசலில் கேட்பதும் பேசுவதும் தமிழ், வாங்க வருபவரில் பாதிப் பேர் ஊர்க்காரர். கொழும்பில் முற்பணமே ஒரு சிறு முதலீட்டை விழுங்கிவிடும். வங்கியிலும் பொலிஸ் நிலையத்திலும் சிங்களம் இல்லாமல் ஒன்றும் நகராது.

கொழும்பைப் பற்றிய பெரிய அச்சம், தமிழருக்கு எதிராக வெடித்த 1983 ஜூலைக் கலவரம். அந்த வாரத்தில் எரிந்த கடைகளின் பெயர்களைப் பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள், அதனால் அங்கே மறுபடியும் முதல் போடுவதைப் பலர் புத்திகெட்ட செயலாகவே நினைத்தார்கள். அந்த அச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி தாக்கப்பட்ட பின்னர், தமிழர் வாழும் பகுதிகளில் சோதனைகள் கடுமையாகின. பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இல்லாமல் கடைக்குப் போவது ஆபத்தாக இருந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கலவரத்துக்கும் பயங்கரவாதச் சேதத்துக்கும் மேலதிகக் கட்டணம் செலுத்திக் காப்புறுதி எடுக்க வழி இருந்தது. சரக்கு எரிந்தால் ஒரு பகுதியாவது திரும்பும் என்ற நம்பிக்கையில் அப்பா அதை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்தார்.

ஆனால் என் கணிப்பில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தீர்ப்பை வாடகையோ மொழியோ அச்சமோ எழுதவில்லை. அதை எழுதியது காசோலையின் திகதி. கொழும்பின் மொத்தச் சந்தையான புறக்கோட்டையில், பிரதான வீதியின் மொத்த வியாபாரிகள் தெரிந்த கடைக்காரருக்குத் துணியை 45 நாள் தள்ளித் திகதியிட்ட காசோலைக்குக் கொடுப்பார்கள். அந்த 45 நாளும் சிட்டை எழுதிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும்; சரக்கு கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல. கொழும்புக் கடைக்கு இரண்டும் ஒரே நாள். வவுனியாக் கடைக்கோ இடையில் சுமார் 250 கிலோமீற்றர் பாதையும், ஈரப்பெரியகுளச் சோதனையும், வடக்கிலிருந்து வந்தவர் தெற்கே போய்வரப் பெற வேண்டிய பாஸும் இருந்தன. பாஸ் எந்த நாளில் கைக்கு வரும் என்பதை வியாபாரி தீர்மானிக்க முடியாது. அவர் வங்கியில் தீர்க்க வேண்டிய நாள் மட்டும் உறுதியாக இருந்தது.

இதன் விளைவு வெறும் தாமதம் என்று நினைத்துவிடக் கூடாது. அடிக்கடி போக முடியாதவர் ஒரே தடவையில் அதிகமாக வாங்குவார். அதிகமாக வாங்குபவர் எந்த நிறம் விற்கும் என்பதை ஊகித்து வாங்குவார். ஊகம் பிழைத்த சரக்கு அலுமாரியில் கிடக்க, அதற்குரிய காசோலை வங்கிக்குப் போய்விடும். அப்பாவின் கடையில் காலையில் ஒரு பெண் மயில்கழுத்து நிறத்தில் நூல்சேலை கேட்டால், மத்தியானம் நான் புறக்கோட்டைக்கு நடந்துபோய் அந்த நிறத்தில் மூன்றே மூன்று சேலை வாங்கி வருவேன். சித்தப்பாவுக்கு அது இயலாத காரியம். ஒரு தீபாவளிக்கு அவர் எடுத்த பொதிகள் பாதை மூடப்பட்டதால் பண்டிகை கழிந்த பின்னரே வந்து சேர்ந்தன. சோதனையில் சாக்கைக் கத்தியால் கீறி, சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டு அள்ளிப் போட்டிருந்தார்கள். புதுச் சேலைக்கு விலை அதன் மடிப்பில்தான் இருக்கிறது. சித்தி அவற்றைத் திரும்ப மடித்து, ஓரத்தில் பட்ட செம்மண் தூசியைத் தட்டி, கடதாசி வைத்து அடுக்கினார். அப்படியும் வாங்க வந்தவர்கள் கழித்த சரக்கு என்றே விலை கேட்டார்கள். அந்தக் காசோலையைத் திரும்பவிடாமல் காப்பாற்ற அப்பா கொழும்பிலிருந்து பணம் கட்டினார். ஒரு காசோலை திரும்பினால் புறக்கோட்டை முழுவதற்கும் அன்று பின்னேரமே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு கைக்காசுக்குத்தான் துணி.

குடும்பமாக நடத்தும் கடையில் ஆள் விடயமும் முக்கியம். சுற்றிவளைப்பில் இளைஞர்களே முதலில் பிடிபடுவார்கள் என்பதால், கொழும்பில் பல கடைகளில் பெட்டியடியில் அம்மாவோ பெரியவர்களோ இருந்தார்கள். வவுனியாவிலும் நிலைமை பெரிதாக வேறுபட்டதாகச் சித்தப்பா சொல்லவில்லை. ஆயினும் நான் அங்கே வாழ்ந்தவன் அல்லன் என்பதால் இதில் என் சொல்லை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே காரணத்தால், 1996 ஏப்ரலுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி, கப்பலில் வந்த சரக்கை நம்பிக் கடை திறந்தவர்களையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வவுனியாவுக்குச் சேர வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் வவுனியா வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, அதுவரை கடைசி ஊராக இருந்த வவுனியா வடக்குக்கான வாசலாகிவிட்டது. அதுவரை தாக்குப்பிடித்த கடைகளுக்கு நல்ல வியாபாரம் நடந்தது. சித்தப்பாவும் அந்த ஆண்டுகளில்தான் பழைய கடனிலிருந்து மீண்டார். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. நெல், அரிசி, உழுந்து போலச் சுற்றுவட்டாரத்திலேயே விளைவதை வாங்கி விற்பவராக எங்கள் குடும்பம் இருந்திருந்தால் நானும் வவுனியாவையே சொல்லியிருப்பேன், ஏனெனில் அந்தச் சரக்குக்குப் புறக்கோட்டைச் சிட்டையும் தேவையில்லை, தெற்கே போக பாஸும் தேவையில்லை. பண்டிகையை நம்பி, கடனுக்கு எடுத்து, நிறம் பார்த்து விற்கும் புடவைக்கு மட்டும் அது ஒத்துவராது.