வண்ணார்பேட்டை இன்சூரன்ஸ் கிளை: ஐந்துக்கு இரண்டு ஸ்டார்

தம்பிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனக் கிளைக்குப் போனோம். அவனுக்கு எச்ஐவி உண்டு. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான்.

படிவத்தில் கேட்ட இடத்தில் உண்மையை எழுதினோம். கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்த்ததும், "இவங்களுக்கெல்லாம் கிடையாதும்மா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் வாசலில் ஒரு ஏஜென்ட், "அதை எழுதாம விடுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அது இன்னும் மோசம். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.

2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. புள்ளிவிவரத்தை வைத்துச் செய்யும் இடர் கணிப்பு ஆய்வின் ஆதாரம் இல்லாமல் காப்பீட்டை மறுக்க அதில் இடமில்லை. மேலாளரிடம் இதைச் சொல்லி, மறுப்பதானால் காரணத்தை எழுதித் தாருங்கள் என்றேன். அவர் எங்களை உட்கார வைத்துப் பேசி, விண்ணப்பத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். இரண்டு ஸ்டாரும் அவருக்குத்தான்.

போகிறவர்கள் நேரே மேலாளரைப் பாருங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால் எழுந்து வராதீர்கள். முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' என்ற புகார் இணையதளம் இருக்கிறது.