சீனக்குடாவில் கோல்ஃப்: ஒரு கச்சானும் ஒரு மாரியும் கண்ட மட்டைகள்

திருகோணமலையில் கடலுக்குப் போகிறவர்களிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் பெயரைத்தான் சொல்வார்கள்: வடக்கென்றால் வாடை, கிழக்கென்றால் கொண்டல், தெற்கென்றால் சோளகம், மேற்கென்றால் கச்சான். சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் 18 குழி ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்ஸில் ஆட வருபவர்கள், மட்டைகளைத் தெரிவதற்கு முன் இந்தப் பெயர்களைப் பழகிக்கொள்வது நல்லது. இந்த மைதானத்தின் கடினம் நீளத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஆடி முடித்த பிறகு மட்டைகளைத் தின்பது உப்பு.

ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று தரையைக் கடந்து வருவதால் உலர்ந்தும் சூடாகவும் இருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழையோடு வாடை திரும்பும். அதாவது கோடையில் காற்று தள்ளிவிடும் அதே குழியில் மாரியில் காற்று முகத்தில் அறையும். தூரங்களைக் குறித்துவைக்கும் கொப்பி இருந்தால் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு நிரல் போடுங்கள், கச்சானுக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று. ஒரே நிரலை வைத்துக்கொண்டு ஆடினால் அரை ஆண்டுக்கு அந்தக் கொப்பி பொய் சொல்லும்.

காற்றின் வேகத்தைக் குழியில் நட்ட கொடியைப் பார்த்துக் கணிக்க வேண்டாம். கொடி மர மறைவில் தொங்கிக்கொண்டிருக்கும், மேலே பந்து பறக்கும் உயரத்தில் காற்று வேறாக இருக்கும். பனை இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். தண்ணீர் தெரிந்தால் இன்னும் நல்லது. அலையின் தலை அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளையாக உடைந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர். வெள்ளைத் தலைகள் அடிக்கடி தெரிந்தால் 20 முதல் 28. இது திறந்த கடலுக்கான கணக்கு. குடாவுக்குள் அலை எழ இடம் குறைவு, ஆகவே பார்ப்பதை விட ஒரு படி கூட்டியே எடுங்கள்.

எதிர்க்காற்று மணிக்கு 16 கிலோமீற்றர் என்றால் தூரத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் போகும். அதே காற்று பின்னால் இருந்தால் கிடைப்பது 5 சதவீதந்தான். 140 மீற்றர் போகும் அடி எதிர்க்காற்றில் 126 மீற்றரில் விழும், பின்காற்றில் 147 வரை போகும். காற்று எடுப்பதைத் திருப்பித் தருவதில்லை என்பதால், வட்டமாகச் சுற்றி வரும் மைதானத்தில் மொத்த அடிகளின் எண்ணிக்கை ஏறியே தீரும். அதற்காக மனமுடைய வேண்டாம். எதிர்க்காற்றில் பலமாக அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பலமாக அடித்தால் பந்தின் பின்சுழல் கூடும், சுழல் கூடினால் பந்து மேலே ஏறி நின்று அப்படியே விழும். அயர்ன் என்னும் உலோகத் தலை மட்டைகளில் எண் குறையக் குறையத் தூரம் கூடும். 7ஆம் அயர்னுக்குப் பதில் 5 அல்லது 6 எடுத்து, பிடியை 2 சென்ரிமீற்றர் கீழே இறக்கி, பந்தை ஒரு பந்து அகலம் பின்னுக்கு வைத்து, முக்கால் வீச்சில் அடித்து, பின்தொடர்ச்சியை நெஞ்சுயரத்தில் நிறுத்துங்கள். பந்து தாழ்ந்து போகும், உருளும்.

மட்டைத் தெரிவிலும் இது தெரிய வேண்டும். விதி அனுமதிப்பது 14. அதில் பந்தை உயரமாக எழுப்பும் 60 பாகை வெட்ஜை வீட்டில் விட்டு, பந்து தாழ்வாகப் போகும் ஹைபிரிட் (அயர்னும் வூட்டும் கலந்த மட்டை) ஒன்றைச் சேர்ப்பது இங்கே அதிகம் உதவும். பந்தில் இரண்டு அடுக்குப் பந்து போதும். சுழல் குறைவு என்பதால் காற்றில் அதிகம் அலையாது, தொலைந்தாலும் நெஞ்சு அடைக்காது. புதிதாக வருபவர் பையில் பன்னிரண்டு பந்தாவது வைத்திருக்க வேண்டும்.

புல்லைப் பற்றி ஒன்று. கோல்ஃப் உலகம் பெர்மூடா என்று பெயர் சொல்லி உயர்த்திப் பேசுவது நம் அறுகுதான், பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகின் இனம். உப்பையும் வெயிலையும் தாங்குவதால் வெப்பநாட்டுக் கரைகளில் அதை நம்புகிறார்கள். அறுகுக்கு ஓடும் திசை உண்டு, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில் அது பந்தைத் திருப்பும். குழியின் விளிம்பருகே குனிந்து பாருங்கள்: ஒரு பக்கம் வெட்டு சுத்தமாக, பச்சையாக இருக்கும், மறுபக்கம் பிய்ந்து, காய்ந்து, பழுப்பாக இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் ஓடுகிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளத்தால் ஓட்டத்தோடு அடிக்கிறீர்கள், பந்து வேகமாகப் போகும். மங்கலாகத் தெரிந்தால் எதிர்த்து அடிக்கிறீர்கள், கொஞ்சம் கூட்டி அடியுங்கள். கோடையில் நிலம் இறுகும்போது பவுன்ஸ் (மட்டையின் அடிப்பாகம் தரையோடு செய்யும் கோணம்) 8 பாகைக்குக் கீழான வெட்ஜ் பந்தின் அடியில் நுழையும். மாரியில் 10 முதல் 12 வேண்டும், இல்லாவிட்டால் முனை மண்ணைத் தோண்டும்.

இனி உப்பு. ஆடியதும் துணியால் நன்றாகத் துடைத்தோமே, பிறகும் ஏன் துரு என்று பலர் கேட்பதுண்டு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கரையோர இரவில் அந்த அளவு எளிதில் வந்துவிடும். உலர்ந்த மட்டையைப் பைக்குள் வைத்து மூடினாலும், மேலே ஒட்டிய உப்பு விடிவதற்குள் அதை நனைத்துவிடும். ஆகவே துடைத்தால் போதாது, கழுவ வேண்டும், அதுவும் அன்றைக்கே.

ஒரு வாளியில் 2 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. அயர்ன்களின் தலை மட்டும் ஐந்து நிமிடம் நனையட்டும். தலையும் தண்டும் சேருமிடத்தில் உள்ள கறுப்பு வளையத்துக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது, அதன் கீழேதான் பசை இருக்கிறது. டிரைவர் என்னும் தொலைதூர மட்டையையும் ஹைபிரிட்டையும் வாளியில் வைக்க வேண்டாம், ஈரத்துணி போதும். மட்டை முகத்தின் கோடுகளை நைலோன் தூரிகையால் தேயுங்கள், கம்பித் தூரிகை குரோம் பூச்சைக் கீறும், கீறலில்தான் துரு பிடிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரையோரக் கிணறுகள் சில உவர். உவர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகிவிடும். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோதான் வேண்டும். பழைய சாரத் துணி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். பூச்சில்லாத வெட்ஜ் என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும்.

பிடியின் நுனியில் சிறு துளை இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. மட்டையைப் பிடி மேலாகப் பிடித்துக் கழுவினால் அதன் வழியாகத் தண்ணீர் உருக்குத் தண்டின் உள்ளே போகும். வெளியே பளபளக்கும் தண்டு உள்ளுக்குள் துருப்பிடிக்கும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். மணல் உருள்வது போல் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் துருத்தூள், பிடியைக் கழற்றிப் பார்க்காமல் அந்த மட்டையால் பலமாக அடிக்க வேண்டாம். கறுப்பு வளையத்தடியில் செம்மண்ணிறக் கோடு தெரிந்தாலோ, முறுக்கும்போது கிறீச் என்றாலோ, பசை விடத் தொடங்கிவிட்டது, தலை கழன்று முன்னால் நிற்பவர்மேல் பறக்கும் முன் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை வாரம் ஒரு முறை சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தால் வியர்வைப் பிசுக்குப் போகும். மெல்லிய தோல் கையுறை இங்கே வியர்வையில் நனைந்து, காய்ந்து, விறைத்துவிடும். மூன்றை வைத்துக்கொண்டு நான்கைந்து குழிக்கு ஒன்றாக மாற்றுங்கள், மற்றவை பையின் வெளியே காற்றில் தொங்கட்டும். பையின் சிப் இறுகினால் மெழுகுதிரியால் தேயுங்கள்.

விதிகளில் அதிகம் தடுமாறுவது தொலைந்த பந்தில். தேட மூன்று நிமிடந்தான், 2019 முதல் அப்படி. பற்றைக்குள் போனது போல் இருந்தால் தற்காலிகப் பந்து என்று வாய்விட்டுச் சொல்லியே அடுத்ததை அடியுங்கள், சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போனது உறுதியாகத் தெரிந்தால் தண்டனை இல்லை, இருந்த இடத்தில் வேறு பந்தை வைக்கலாம். பாம்பருகே கிடந்தாலும் தண்டனையின்றி விலகலாம்.

18 குழியை நடந்து முடிக்க நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போகும். கோடையில் விடிந்ததும் தொடங்குங்கள், காற்றும் வெயிலும் ஏறும் முன் பாதி முடிந்திருக்கும். மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள், ஒரு லீற்றரில் ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கலவை) பக்கற் ஒன்றைக் கரைத்து. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவானால் உடனே கட்டிடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். பனையடியில் ஒதுங்கவே கூடாது.

இது படைமுகாம் நிலம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, அடையாள அட்டையோடு போங்கள், கமெராவை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கொலர் வைத்த சேர்ட் போடுங்கள். சீனக்குடா ரயில் நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தாலும் பை குறுக்கே இருக்கையில் கிடக்கும், தண்டுகள் வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மட்டைத் தலைகளின் உறைகளைக் கழற்றுங்கள். நனைந்த உறைக்குள் ஓர் இரவு இருந்த டிரைவரின் திருகில் காலையில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருக்கும். உறைகள் கொடியில் காயட்டும், மட்டைகள் தலை மேலாக, பைக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நிற்கட்டும்.