சப்போர்ட்டுக்கு பிவிஏவா, பிஎல்ஏவா?

மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும் பைப்பைப் பிடித்து நிறுத்த ஒரு கிளாம்ப் வேண்டியிருந்தது. முதலில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில், 3டி பிரின்டரில் பிரின்ட் போட்டேன். சித்திரை வெயிலில் மூன்றே வாரத்தில், போல்ட் இறுக்கிய இடம் குழைந்து பைப் தொங்கிவிட்டது. பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். பிஇடிஜி என்ற இன்னொரு வகை இழை 80 வரை நிற்கும். அதில் போட்ட கிளாம்ப் இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது. ஏபிஎஸ் என்ற வகை இன்னும் சூடு தாங்கும்தான். நண்பர் வீட்டு மெஷினில் இரண்டு முறை போட்டேன், இரண்டும் மூலை தூக்கிக்கொண்டன. மெஷினைச் சுற்றி மூடிய பெட்டி இல்லாமல் போட்டது. அதை வைத்து ஏபிஎஸ்ஸை எடை போட மாட்டேன்.

நான் அதிகம் திண்டாடியது சப்போர்ட்டில்தான். பாகத்தில் அந்தரத்தில் நிற்கும் பகுதி தொங்காமல் இருக்க அடியில் முட்டாகப் பிரின்ட் போட்டு, பிறகு கழற்றி எறிவதுதான் சப்போர்ட். பிஇடிஜி பாகத்துக்கு பிஇடிஜியிலேயே சப்போர்ட் கொடுத்தால் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். பிளையரால் பிய்த்தால் அடிப்பக்கம் முழுக்கத் தழும்பு. சப்போர்ட்டுக்கும் பாகத்துக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் கழன்று வரும், ஆனால் அந்தப் பரப்பு சொரசொரவென்று தொங்கிப்போய், பைப்போடு சரியாக உட்காராது.

தண்ணீரில் கரையும் பிவிஏ வாங்கினேன். முதல் பிரின்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் எடுத்தபோது மனசு நிறைந்துவிட்டது. ஆனால் தண்ணீரில் கரையும் பொருள் காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டும் விட்டுவைக்குமா? எங்கள் வீடு சென்னையில், கடலுக்குப் பக்கம். ஐப்பசி மழையில் இழை சுற்றிய ஸ்பூலை இரண்டு நாள் வெளியில் வைத்திருந்தேன். உருகிய இழை வெளிவரும் நாசிலில் சடசடவென்று பொரிகிற சத்தம், நூல் நூலாக இழுப்பு, கடைசியில் அடைப்பு. கையால் தொட்டாலே இழை பிசுபிசுத்தது. அதன் பிறகு ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் முன்னால் 50 டிகிரியில் மணிக்கணக்காகக் காயவைத்து, பிரின்ட் முடிகிறவரை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்தே ஓட்டினேன். ஒரே நாசில் என்றால் இன்னொரு தொல்லை: பிஇடிஜிக்கு வேண்டிய 240 டிகிரியில் மிச்சமிருக்கும் பிவிஏ கருகிக் கட்டிக்கொள்ளும். விலையும் பல மடங்கு. நம் ஊர்க் காற்றில் பிவிஏவைப் பராமரிப்பதே தனி வேலை.

இப்போது சப்போர்ட்டுக்கு பிஎல்ஏவுக்கு வந்துவிட்டேன். பிஎல்ஏவும் பிஇடிஜியும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. பாகத்தில் அது குறை, சப்போர்ட்டில் வரம். சப்போர்ட்டின் உடம்பு பிஇடிஜி. பாகத்தைத் தொடும் இரண்டு மூன்று லேயர் மட்டும் பிஎல்ஏ. பிரின்ட்டுக்கு அளவுகள் கொடுக்கும் மென்பொருளான ஸ்லைசரில், சப்போர்ட்டின் மேல்பக்கத்துக்கும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி 0. ஆறியதும் நகத்தால் நெம்பினால் ‘டக்’ என்று ஒரே தகடாக வந்துவிடும். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் அளவுக்கு வழவழப்பு.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இழை மாற்றும்போது நாசிலை நன்றாகக் கழுவித் தள்ள வேண்டும், அதாவது புது இழையைக் கொஞ்சம் வெளியே ஓட்டிப் பழைய மிச்சத்தை நீக்க வேண்டும். பிஎல்ஏ மிச்சம் பிஇடிஜியில் கலந்தால் அந்த லேயரில் பிடிப்பு போய்விடும். எனக்கு ஒரு கிளாம்ப் சரியாக அந்த உயரத்தில்தான் உடைந்தது. கழுவும் அளவை ஸ்லைசரில் கூட்டி வைத்தேன், பிறகு உடையவில்லை. குப்பை கொஞ்சம் சேரும், பரவாயில்லை.

கை நுழையாத உட்குழி இருக்கும் பாகத்துக்கு பிவிஏதான் வழி. அதற்காகப் பாதி ஸ்பூலை மூடி இறுக்கிய டப்பாவில் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் அதைத் திறக்கவே இல்லை.