பதினேழு ஒன்றுகள்: சாலையோர ஆய்வுப் பதிவுகளோடு ஏழு வருடம்

அமெரிக்காவில் ஒரு சின்ன டிரக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் ஏழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். என் மேஜையில் ஒரு டிரே உண்டு. வழியில் ஆய்வாளர் வண்டியை நிறுத்திச் சோதித்தால் கொடுக்கும் அறிக்கையை டிரைவர்கள் அதில்தான் போடுவார்கள், பெரும்பாலும் காபிக் கறையோடு. குறை இருந்தால் சரிசெய்து, கையெழுத்திட்டு 15 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நகல் 12 மாதம் நம்மிடம் இருக்க வேண்டும். அதே அறிக்கை கணினி வழியாக டிரக், பஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்எம்சிஎஸ்ஏ என்ற மத்திய அமைப்பின் தரவுத்தளத்துக்கும் போகும். வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் ஆய்வுகள் இப்படிச் சேர்கின்றன.

சேர்ந்த தரவு எவ்வளவு முழுமை என்று 2004 முதல் மாநிலவாரியாக மதிப்பீடு போடுகிறார்கள். நன்று என்றால் பச்சை, சுமார் மஞ்சள், மோசம் சிவப்பு. டிரைவர் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், வண்டியின் நம்பர் பிளேட், வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் தரும் தனி அடையாள எண்) எல்லாம் நிரம்பியிருக்கின்றனவா என்பதுதான் ஆய்வுப் பதிவின் முழுமைக் கணக்கு. சேர்ந்த புதிதில் நான் இந்த வண்ணப் படத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பச்சை மாநிலத்திலிருந்து வரும் பதிவைத் திறந்தும் பார்க்க மாட்டேன்.

அந்த மயக்கத்தைத் தெளிவித்தது வின் எண்தான். 17 இடம் கொண்டது. ஐ, ஓ, க்யூ எழுத்துகள் அதில் வரக் கூடாது, ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பிவிடும் என்பதால். ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எடை. பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அந்த ஒன்பதாம் இடத்தோடு பொருந்த வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஒரு நாள் மதியம் வேலையில்லாமல் பதினேழு இடத்திலும் ஒன்றைப் போட்டுக் கணக்கிட்டேன். கூட்டுத்தொகை 89, மீதி 1, ஒன்பதாம் இடத்திலும் 1. தேறிவிட்டது! உலகத்தில் இல்லாத வண்டி, ஆனால் கட்டம் நிரம்பியிருக்கிறது, கணக்கும் சரி.

இதைவிட நுணுக்கமானது 'ஜே' எழுத்து. அதன் மதிப்பும் 1தான். ஜப்பானில் செய்த வண்டிகளின் வின் 'ஜே'யில் தொடங்கும், அமெரிக்காவில் செய்தவற்றில் பல 1-இல் தொடங்கும். மழையில் நின்றுகொண்டு ஆய்வாளர் 'ஜே'யை 1 என்று தட்டிவிட்டால் சரிபார்ப்பு இலக்கத்துக்குச் சந்தேகமே வராது. எங்கள் டிரே தாள் ஒன்றில் இதே தவறைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மற்றபடி 5-க்குப் பதில் 'எஸ்' போட்டால் அது பிடித்துவிடும், அதற்கு ஒரு சபாஷ்.

டிரெய்லர்தான் தொல்லை. அதன் வின் தகடு முன்பக்கத்தில் சேறு அப்பிக் கிடக்கும். டார்ச் அடித்துத் துடைத்தால்தான் கடைசி நாலு இலக்கம் தெரியும். அதனால் எல்லா டிரெய்லர் எண்களையும் தட்டச்சு செய்து, வண்டிக் காகிதங்களோடு முன்னால் செருகிவைக்கச் சொன்னேன். ஆய்வாளருக்கும் வேலை மிச்சம். இந்த ஏழு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

தவறான பதிவைத் திருத்த டேட்டாக்யூஸ் என்ற இணையவழி முறையீடு உண்டு. ஆய்வு நடந்து மூன்று வருடம் வரை கேட்கலாம். முறையீடு எங்கோ மேலே போய்த் தீர்வதில்லை, அறிக்கை எழுதிய மாநிலத்துக்கே திரும்பும். தாளின் நகல், வண்டிப் பதிவுச் சான்று, புகைப்படம் மூன்றும் வைத்தால் வேலை முடிகிறது. வெறும் கோபத்தை எழுதி அனுப்பினால் முடிவதில்லை. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

என் உண்மையான வருத்தம் வேறு. டிரேயிலிருந்த தாள்களை ஒரு வருடம் முழுக்க இணையத்தில் தெரிந்த பதிவுகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டேன். மூன்று தாள் எங்கள் யுஎஸ்டாட் எண்ணின் (அரசு கம்பெனிக்குத் தரும் அடையாள எண்) கீழ் வரவேயில்லை. மூன்றும் குறையே இல்லாத ஆய்வுகள். ஒன்றில் எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்தது. வேறு யாரோ எங்கள் நல்ல பெயரை அனுபவித்தார்கள். கடைசி 24 மாத ஆய்வுகள் கம்பெனியின் பாதுகாப்பு மதிப்பெண்ணில் சேர்வதால், சுத்தமான ஆய்வு தொலைவது எங்களுக்கு நேரடி நஷ்டம். அதற்கும் மேல், "எல்லாம் சரி, கிளம்பு" என்று தாளே தராமல் அனுப்பியதாக டிரைவர்கள் சொல்வதுண்டு. முழுமைக் கணக்கு உள்ளே வந்த பதிவின் கட்டங்களைத்தான் எண்ணுகிறது. உள்ளே வராததற்குக் கட்டம் ஏது?

பஸ் நடத்தும் நண்பருக்கு நிலைமை வேறு. வெளிப்படையான ஆபத்து இருந்தாலொழிய, பயணிகளோடு போகும் பஸ்ஸை நடுவழியில் நிறுத்திச் சோதிப்பதில்லை. பஸ் நிலையம், எல்லைச் சாவடி, போய்ச் சேரும் இடம் போன்றவற்றில்தான் ஆய்வு. ஆகவே அவர் டிரேயில் தாள் குறைவு, ஒன்று தொலைந்தாலும் வலி அதிகம்.

என் மூன்றில் இரண்டை மீட்டுவிட்டேன். மூன்றாவது தாளில் காபி, யுஎஸ்டாட் எண்ணின் மேலேயே கொட்டியிருக்கிறது.