வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே கழுவினால்: மோட்டார்ஹோம் கழிவுநீருக்கு எந்த வழி நமக்குச் சரிப்படும்?

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற நண்பர்கள் எல்லோரும் படுக்கை எத்தனை, ஹீட்டர் எப்படி, டீசல் எவ்வளவு குடிக்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். கழிவுநீரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. முதல் பயணத்தின் இரண்டாம் நாள் இரவு போன் வரும், "டாய்லெட் சிவப்பு விளக்கு எரியுது, என்ன செய்யறது?" என்று. நாங்கள் நான்கு பேர், ஏழு வருடமாக ஒரு பழைய வண்டியில் சுற்றுகிறோம். இங்கே கிடைக்கிற ஒப்பீடுகளை எல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்கினேன், ஆனால் அவை இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. ஒன்று, நாம் தாளித்துச் சமைக்கிறோம், சோறு வடிக்கிறோம். இரண்டு, நாம் காகிதத்தால் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறவர்கள் இல்லை, தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எது நல்லது என்கிற வரிசையே மாறிவிடுகிறது.

அடிப்படை தெரியாதவர்களுக்காக: வண்டியில் இரண்டு விதக் கழிவுநீர் உண்டு. பாத்திரம் கழுவியது, குளித்தது எல்லாம் சாம்பல் நீர். அது வண்டியின் அடியில் இருக்கிற தொட்டிக்குப் போகும், பெரும்பாலும் 70 முதல் 100 லிட்டர் பிடிக்கும். கழிப்பறையில் போவது கேசட் என்கிற பெட்டிக்குள் விழும். வண்டிக்கு வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து அந்தப் பெட்டியை உருவி எடுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும், 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். அது நிரம்பும்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கொட்டக்கூடியவை அல்ல. கேசட்டைக் கொட்டுகிற இடத்துக்கு இங்கே எல்சன் பாயின்ட் என்று பெயர். எல்சன் 1920-களில் ரசாயனக் கழிப்பறை செய்யத் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப்போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களுக்குள் இருந்ததும் அவர்களுடைய கழிப்பறைதான். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதலில் சாம்பல் நீர், ஏனென்றால் நமக்கு அதில்தான் பிரச்சினை அதிகம். மூன்று வழிகள் இருக்கின்றன: வண்டியின் அடித்தொட்டியிலேயே சேர்த்து வைத்து, நிரம்பியதும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் இறக்குவது, காருக்குப் பின்னால் கேரவன் இழுத்துப் போகிறவர்கள் வைத்திருக்கிற சக்கரத் தொட்டியை வெளியே வைத்து அதில் பிடித்து உருட்டிக்கொண்டு போவது, அல்லது வால்வைத் திறந்து வைத்து அடியில் ஒரு வாளி.

அடித்தொட்டியின் வசதி என்னவென்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது, கிளம்பும்போது வடிகால் கம்பிவலை மேல் வண்டியை நிறுத்தி வால்வைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் காலி. ஆனால் 90 லிட்டர் என்றால் 90 கிலோ. இங்கே 1997 தொடக்கத்துக்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள், அதாவது நம்மில் கிட்டத்தட்ட எல்லோரும், டீசல் வண்டி என்றால் மொத்த எடை 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். நான்கு பேரும் அரிசி மூட்டையும் குக்கரும் ஏறிய பிறகு நிறைந்த தொட்டியோடு சாலையில் போவது அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

அடுத்தது நாற்றம். வெள்ளைக்காரக் குடும்பத்தின் தொட்டியில் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் டீயும் இருக்கும். நம் தொட்டியில் வடிகஞ்சி, சாம்பார், தாளித்த எண்ணெய். கஞ்சி இரண்டே நாளில் புளித்துவிடும், எண்ணெய் தொட்டியின் சுவரில் பூசிக்கொண்டு அதன் மேல் எல்லாம் ஒட்டும். பல வண்டிகளில் நம் வீட்டுச் சிங்க்கின் கீழ் இருக்கிற மாதிரி தண்ணீர் நிற்கிற வளைகுழாய் கிடையாது, அதனால் அந்த வாடை நேராகச் சமையல் மேடைக்கு ஏறி வரும். முதல் வருடம் வேல்ஸில் ஒரு மழை நாளில் வால்வைத் திறக்கிறேன், சொட்டுச் சொட்டாக வருகிறது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. மூட வைத்தால் மூடவும் இல்லை. மழையில் முதுகைத் தரையில் வைத்துப் படுத்து, டார்ச் அடித்து, பழைய டூத் பிரஷ் கைப்பிடியால் கிளறினேன். உள்ளே கருத்துப்போன கறிவேப்பிலை ஒன்று வாயை அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கடுகு, எல்லாவற்றையும் மெழுகு மாதிரி கொழுப்பு சேர்த்துப் பிடித்திருந்தது. வால்வின் தகடு வந்து உட்காருகிற பள்ளத்தில் ஒரே ஒரு கடுகு சிக்கியிருந்தது, அதனால்தான் மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. வீட்டில் நாம் கவனிக்கவே கவனிக்காத ஒரு கடுகு.

அதற்குப் பிறகு வடிகஞ்சி வண்டிச் சிங்க்கில் போவதே இல்லை, சோறு குக்கரில் அளவுத் தண்ணீரோடுதான். தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவுகிறோம், மிச்ச எண்ணெய் ஊறுகாய் பாட்டிலில் சேர்ந்து வீட்டுக்கு வந்து குப்பைக்குப் போகும், சிங்க் ஓட்டையில் டீ வடிகட்டி மாதிரி நெருக்கமான சல்லடை. மாதத்துக்கு ஒரு தடவை வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, அந்தத் தண்ணீரோடு ஒரு அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு இறக்கினால் தொட்டி நன்றாகவே சுத்தமாகிறது.

சக்கரத் தொட்டி, 38 லிட்டர் பிடிக்கிற வேஸ்ட்மாஸ்டர் மாதிரியானவை, ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள் தங்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது. அன்றைய தண்ணீர் அன்றைக்கே போய்விடுகிறது, புளிக்க நேரமே இல்லை. பையன்கள் உருட்டிக்கொண்டு போவார்கள். சிக்கல் இரண்டு. பயணத்தின்போது அதை வைக்க இடம் வேண்டும். அதோடு சில வண்டிகளில் வால்வு தரைக்கு மிக நெருக்கமாக இருக்கும், தொட்டி அடியில் நுழையாது, வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்து பாருங்கள். வாளி மலிவு, ஆனால் ஒரு ஆள் குளித்தாலே நிரம்பி வழியும். அதை நான் ஒரே ஒரு காலத்தில்தான் பயன்படுத்துகிறேன், உறைபனி அடிக்கிற குளிர்காலத்தில், அடித்தொட்டியில் தண்ணீர் பனிக்கட்டியாகிவிடாமல் வால்வைத் திறந்தே வைத்திருக்கும்போது.

கழிப்பறைக்கு வருவோம். இங்கே போட்டி, கேசட்டில் நீல மருந்து ஊற்றுவதா, பச்சை மருந்தா, மருந்தே இல்லாமல் விசிறி வைப்பதா, இல்லை கேசட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் பிரிக்கும் கழிப்பறை வைப்பதா என்பது.

நீல மருந்து நாற்றத்தை நன்றாக அடக்கும், சந்தேகமில்லை. அது நுண்ணுயிர்களைக் கொன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. நகரத்துச் சாக்கடையில் கலந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிராமத்துப் பண்ணையில் இருக்கிற செப்டிக் டேங்க் அந்த நுண்ணுயிர்களை நம்பித்தான் ஓடுகிறது, ஐந்து வண்டிகள் மூன்று நாள் நீல மருந்தைக் கொட்டினால் டேங்க் செத்துவிடும். பண்ணைக்காரர் அப்புறம் லாரியைக் கூப்பிட்டு அள்ள வேண்டும். பச்சை மருந்து செப்டிக் டேங்க்குக்கு ஒத்துப்போகிற மாதிரி செய்யப்பட்டது, கோடையில் ஒரு நாள் முன்னாடியே வாடை எழும் என்பதைத் தவிர எனக்கு அதில் குறை தெரியவில்லை. நான் பச்சைக்கு மாறி ஐந்து வருடமாகிறது.

விசிறி என்பது ஜெர்மனியின் எஸ்ஓஜி மாதிரியான அமைப்பு. கேசட்டின் தகட்டைத் திறந்ததும் சின்ன விசிறி ஓடி, காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும். மருந்தே வேண்டாம், எங்கே கொட்டினாலும் டேங்க்குக்குக் கெடுதல் இல்லை. வண்டிக்கு உள்ளே வாடை வராது, ஆனால் வெளியே வரும். நெருக்கமாக வண்டிகள் நிற்கிற இடத்தில், பக்கத்து வண்டிக்காரர் அந்தப் பக்கமாகவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், சங்கடம்தான்.

பிரிக்கும் கழிப்பறைதான் இப்போது எல்லோரும் புகழ்கிற விஷயம். சிறுநீர் முன்பக்கமாக ஒரு கேனுக்குப் போகிறது, திடக்கழிவு பின்பக்கம் தேங்காய் நார்த்தூள் போட்ட பெட்டியில் விழுந்து காய்கிறது. ஈரம் சேராத வரைக்கும் நாற்றம் வராது, அதுதான் அதன் மொத்த ரகசியமும். இங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். உட்கார்ந்து எழுந்ததும் நாம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும்? பின்பக்கம் போனால் நார்த்தூள் சேறாகி அடுத்த நாளே வண்டியில் இருக்க முடியாது. நண்பர் ஒருவர் ஆசையாக வாங்கி, மனைவியும் மாமியாரும் இரண்டே பயணத்தில் மறுத்துவிட, கழற்றி விற்றார். காகிதம் போதும் என்று இருக்கிற இரண்டு பேருக்கு அது அருமையான சாதனம், வாரக்கணக்கில் காட்டில் நிற்கலாம். கழுவுகிற குடும்பத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். இன்னொன்றும் உண்டு: நான்கு நாளில் அந்தப் பெட்டியில் இருப்பது உரம் ஆகிவிடாது, மட்கப் பல மாதம் வேண்டும். அதைப் புதரில் கொட்டிவிட்டு உரம் போட்டேன் என்று சொல்வது ஏமாற்று.

ஆக நமக்குக் கேசட்தான். ஆனால் கணக்கு வேறு. ஒரு மக் தண்ணீர் சராசரியாக ஒரு லிட்டர் வைத்துக்கொண்டால் நான்கு பேர் தலைக்கு ஒரு தடவை என்றாலே நான்கு லிட்டர், மற்றதும் ஃப்ளஷ் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு நாளைத் தாண்டாது. நாங்கள் மக்கை விட்டுவிட்டு, பீய்ச்சுகிற மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினோம், கால் லிட்டரில் வேலை முடிகிறது. அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு பத்து நாள் சுற்றியபோது முதல் இரண்டு நாள் முகம் சுளித்தார், அப்புறம் அவரே "இது நல்லாத்தான் இருக்கு, நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்" என்றார். கூடவே உபரியாக ஒரு கேசட் வாங்கி வைத்தேன். விலை கொஞ்சம் உறுத்தும், ஆனால் நடு இரவில் சிவப்பு விளக்கு எரியும்போது மாற்றிப் போட்டுவிட்டுத் தூங்கலாம். பணம் செலவழிக்க ஒரே ஒரு சாமான்தான் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். கேசட்டின் ரப்பர் வளையத்துக்கு அவ்வப்போது சிலிகோன் மசகு தடவுங்கள், வாஸ்லின் வேண்டாம், ரப்பர் ஊறிப்போய்க் கசியும்.

இனி, எங்கே கொட்டுவது. கேரவன் கிளப்புகள் நடத்துகிற பெரிய முகாம் தளங்களில் எல்லாம் இருக்கும், வண்டி நின்று சாம்பல் நீர் இறக்க மேடை, எல்சன், அலச ஹோஸ். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஐந்து வண்டி மட்டும் நிற்கிற பண்ணைத் தளங்கள் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும், எனக்கு மிகப் பிடித்தவை அவைதான், எல்சனும் இருக்கும், ஆனால் சாம்பல் நீருக்கு வண்டி போய் நிற்கிற மேடை பெரும்பாலும் இருக்காது. "வேலி ஓரமாக ஊற்றிக்கொள்ளுங்கள்" என்று சில பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். அவர் மனதில் இருப்பது வெறும் சோப்புத் தண்ணீர். நம் சாம்பார்த் தண்ணீரைத் தினமும் அதே இடத்தில் ஊற்றினால் எலி வரும், புல் கருகும். இந்தத் தளங்களுக்குத்தான் சக்கரத் தொட்டி.

பிரான்ஸ் இந்த விஷயத்தில் வேறு உலகம். சின்ன ஊர்களில்கூட 'எர்' என்கிற மோட்டார்ஹோம் நிறுத்தம் உண்டு, ஊராட்சியே வைத்திருக்கும். தரையில் சாம்பல் நீருக்குக் கம்பிவலை, கேசட்டுக்குத் தனி வாய், குடிநீருக்குத் தனிக் குழாய், சில யூரோ போட்டால் தண்ணீர் வரும், கொட்டுவது பல இடங்களில் இலவசம். அங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: கேசட்டை அலசக் குடிநீர்க் குழாயைத் தொடாதீர்கள். பக்கத்திலேயே அலசுவதற்கென்று வேறு குழாய் இருக்கும். கேசட்டின் கழுத்தைக் குடிநீர்க் குழாய்க்குள் நுழைத்து அலசுகிற ஆளை என் கண்ணாலேயே பார்த்தேன், அடுத்து வரிசையில் தண்ணீர் பிடிக்க ஒரு கைக்குழந்தைக்காரி நின்றிருந்தாள். அதிலிருந்து எந்த ஊரிலும் குடிநீர் பிடிக்கும் முன் குழாய் வாயைத் துடைத்து, ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுத்தான் பிடிக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று நம்பிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிற அந்த உரிமை நடந்து போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்கு, மோட்டார் வண்டிக்கு அல்ல. ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றி வருகிற நார்த் கோஸ்ட் 500 பாதை 516 மைல், அதை 2015-இல் அறிமுகப்படுத்திய பிறகு வண்டிகள் குவிந்தன. கொட்டுகிற இடங்களோ தொலைவு தொலைவாக இருக்கின்றன. அங்கே போவதென்றால் இரவு எங்கே என்று திட்டமிடுவதற்கு முன் எல்சன் எங்கே என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள், இரண்டு இரவுக்கு ஒன்று வருகிற மாதிரி.

சாலையோரச் சல்லடையில் வால்வைத் திறந்துவிடுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. "சாக்கடைதானே" என்று நம் ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாக்கடை இல்லை. இங்கே பெரும்பாலான சாலைச் சல்லடைகள் மழைநீருக்கானவை, சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறவை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை சில ஊர்களில் அந்தச் சல்லடைகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் ஒன்றை வரைய வைத்ததே இதைச் சொல்லத்தான். பொதுக் கழிப்பறையில் கேசட்டைக் கவிழ்ப்பதும் வேண்டாம், 18 லிட்டர் ஒரே மூச்சில் இறங்கும்போது சுவரெல்லாம் தெறிக்கும், அதைத் துடைக்கப் போகிறவர் குறைந்த கூலிக்கு வேலை செய்கிற ஒருவர்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். விற்கிறவரிடம் கேட்டுக் கேசட் கதவைத் திறந்து, பெட்டியில் தண்ணீர் நிரப்பி உருவித் தூக்கிப் பாருங்கள், நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும், வீட்டில் யார் தூக்கப் போகிறார்களோ அவர் தூக்கிப் பார்க்கட்டும். அப்புறம் அடியில் குனிந்து சாம்பல் நீர் வால்வை இரண்டு மூன்று தடவை திறந்து மூடி, மூடிய பிறகு சொட்டுகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.