ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்ப: பிள்ளைகளோடு போன வன விடுமுறைகள்

வேலூரில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டியதும் எங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: "லீவுக்குப் பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறோம், எங்கே நன்றாக இருக்கும்?" என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. மகளைத் தூக்கிக்கொண்டு நடந்த நாளிலிருந்து அவள் கல்லூரி முடிக்கப்போகும் இன்றுவரை எங்கள் விடுமுறைகளில் பெரும்பகுதி சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும்தான் போயிருக்கிறது. மகன் அவளைவிட நான்கு வயது இளையவன். ஒரே வேனில் ஒருத்தி மெய்மறந்து பார்த்துக்கொண்டிருக்க, மற்றவன் பசிக்கிறது என்று அழுத அனுபவமும் எங்களுக்கு நிறைய.

கேட்பவர்கள் ஊர்ப் பெயர் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் பிள்ளையின் வயதைக் கேட்கிறேன்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் புலிகள் காப்பகம் வீண் செலவு. அந்த வயதில் மூன்று மணி நேரம் புதரைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி உட்கார எந்தக் குழந்தைக்கும் பொறுமை இராது. இருந்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே கணியம்பாடி வழியாகப் போனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி சிறு உயிரியல் பூங்கா இருக்கிறது. மான், மயில், முதலை, மழை பெய்திருந்தால் அருவி. சோறு கட்டிக்கொண்டு போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். கொஞ்சம் பெரிய ஏற்பாடு வேண்டுமென்றால் பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டா. அங்கே கம்பி வலை போட்ட பஸ்ஸில் ஏறினால், வேலியிட்ட பரப்புக்குள் சிங்கமும் புலியும் கரடியும் நிச்சயமாகக் கண்ணில் படும். அது காடே இல்லை என்று இயற்கை ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அந்த நிச்சயம்தான். சென்னைக்குக் கல்யாணம் காட்சி என்று போனால் கிண்டி சிறுவர் பூங்காவில் ஒரு காலைப்பொழுது. அதை ஒட்டியுள்ள தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நகரத்துக்கு நடுவே அதில் வெளிமான்கள் மேய்கின்றன.

நம்மூர்க்காரர்கள் தெரியாமலே போய்வரும் தேசியப் பூங்கா ஒன்றும் இருக்கிறது. திருமலைக்கு அலிபிரி படிவழியாக ஏறுகிறவர்கள் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் காட்டுக்குள்தான் நடக்கிறார்கள். மொட்டை போட்டுக் காது குத்திய வயதிலேயே நம் பிள்ளைகளுக்கு அது பழக்கம். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சிறு பிள்ளைகளோடு நடந்து ஏற விடாமல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்கும்போது இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கோவிந்தா சொல்லிக்கொண்டே நடந்தாலும் காடு காடுதான்.

தொலைதூரக் காடுகளுக்குக் கிளம்புமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு: வாந்தி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40. ஏலகிரியில் 14தான், ஒவ்வொரு வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர். எங்கள் மகன் எந்தப் புலவர் வரை தாக்குப்பிடிக்கிறான் என்பதுதான் சில வருடங்கள் எங்களுக்கு அளவுகோல். பதினான்கையும் வயிறு கலங்காமல் கடந்த ஆண்டில்தான் நீலகிரிக்கு டிக்கெட் எடுத்தோம்.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. என்னைக் கேட்டால் காட்டுக்கென்றே அமைந்த வயது அதுதான். நடக்க முடியும், பசி தாங்கும், கேள்வி கேட்கும், அம்மாவோடு வெளியே போவது அவமானம் என்ற எண்ணம் இன்னும் வந்திருக்காது. அந்த வருடங்களில் நாங்கள் ஊர் ஊராகச் சுற்றவில்லை. பெரும்பாலும் மசினகுடிப் பக்கத்து முதுமலை புலிகள் காப்பகம்தான். "போன வருடமும் அங்கேதானே போனீர்கள்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. ஒருமுறை போனால் பிள்ளை விலங்கைத் தேடும். திரும்பத் திரும்பப் போனால்தான் காட்டைப் பார்க்கத் தொடங்கும்.

காட்பாடியில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். புளியோதரையும் தயிர்சாதமும் ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். அங்கிருந்து மலை ரயில் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் பஸ். இப்போது சொந்தக் காரில் போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும்; 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த நடைமுறை. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை. வெளியூர் வண்டிகளைக் கல்லட்டி வழியாக இறங்கவும் விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். பஸ்ஸுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது என்பதால் கார் வாங்கிய பிறகும் நாங்கள் பஸ்ஸை விடவில்லை.

முதுமலையின் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்ப்பது முதல் வருடம் வேடிக்கை. ராகியும் கொள்ளும் வேகவைத்து, சோறு, வெல்லம், உப்பு சேர்த்துப் பெரிய கவளங்களாக உருட்டி வைத்திருப்பார்கள். மகன் அதைக் களி என்றே நினைத்துத் தனக்கும் கேட்டான். அடுத்த வருடம் மகள் யானைகளை விட்டு மனிதர்களைப் பார்க்கத் தொடங்கினாள். யானைமேல் இருப்பவர் மாவுத்தர், கூடவே வேலை பார்க்கும் உதவியாளர் காவடி, எந்த யானைக்கு எவ்வளவு தீனி என்று எழுதிப்போட்ட பலகை எல்லாம் அவள் கண்ணில் பட்டது அப்போதுதான். அதற்கும் அடுத்த வருடம் அவள் கேட்டது: "இந்த கும்கிகளைப் பிடித்த காடு எது?" பதில் எனக்கும் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. காவடியிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புதிய இடத்துக்குப் போயிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது சந்தேகமே.

வனத்துறை வேன் சவாரியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். சன்னல் இருக்கை அமைவது அவரவர் நேரம். வேனில் கட்டாயம் ஒருவர் "புலி எங்கேப்பா?" என்று ஓட்டுநரை நச்சரித்துக்கொண்டே வருவார். புள்ளிமான், காட்டெருது, மயில், மந்தி நிச்சயம், யானை பெரும்பாலும், மற்றவை உங்கள் ஜாதகம். எங்கள் குடும்பம் ஒரே ஒருமுறைதான் புலியைப் பார்த்தது. அதுவும் சவாரியில் இல்லை, கூடலூர் போகும் அரசு பஸ்ஸில். நடத்துநர் உட்பட எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். மகன் மட்டும் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி முடிப்பதற்குள் அது சாலையைக் கடந்துவிட்டது. இன்றுவரை அந்த வழக்கு எங்கள் வீட்டில் நிலுவையில் இருக்கிறது.

மே மாதமா, காலாண்டு விடுமுறையா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. கோடையில் இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும், விலங்குகள் தண்ணீருக்கு வரும், ஆகவே பார்ப்பது எளிது. கோடை மழைக்கு முன்னால் போனால் காட்டுத்தீ பயத்தில் சவாரியை நிறுத்தி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. செப்டம்பர் கடைசியில் எல்லாம் பச்சை. உண்ணிச்செடிப் புதருக்கு அப்பால் யானைக் கூட்டமே நின்றாலும் தெரியாது. ஆனால் காது பழகும். கடமான் கத்துவதும் மந்தி மரத்தின் மேலிருந்து அலறுவதும் வேட்டை விலங்கு பக்கத்தில் இருப்பதற்கான அறிகுறி என்று மகன் கற்றுக்கொண்டது பச்சைக் காட்டில்தான். நெரிசலும் குறைவு. என் ஓட்டு காலாண்டுக்கு.

தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் பிள்ளைக்குப் பத்து வயதுக்குப் பிறகு வாங்குங்கள், 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, போதும். அதற்குமேல் உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். எங்களுடையது பல வருடங்களாக உழைக்கிறது. தோல் பட்டையை மட்டும் சத்துவாச்சாரியில் செருப்புத் தைப்பவரிடம் மாற்றிக்கொண்டோம்.

பதினான்கு, பதினைந்து வயது வந்ததும் எல்லாம் தலைகீழ். செல்போனுக்கு சிக்னல் கிடைக்காத இடத்துக்கு எதற்காகப் பணம் கொடுத்துப் போக வேண்டும் என்பது மகளின் வாதம். அந்தக் காலத்தில் தேக்கடி எங்களுக்குக் கைகொடுத்தது. பெரியாற்றில் 1895இல் அணை கட்டியதால் உண்டான ஏரி. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்க, படகிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். நடக்க முடியாத மாமியாருக்கும் பேச விரும்பாத மகளுக்கும் ஒருசேரப் பொருந்திய ஒரே பூங்கா அது. மூணாற்றுப் பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் போனோம். வரையாடுகள் பாதையோரம் வந்து நிற்பது அழகு, கூட்டம் திருவிழா. ஆடுகள் குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சே இல்லாமல் வந்த அதே மகள்தான் ஒரு வருடம் மசினகுடியில் நாங்கள் பதிவு செய்திருந்த தனியார் விடுதியின் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யானை வழித்தடத்தில் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டாள். சீகூர் யானை வழித்தடத்தை மறித்த விடுதிகளை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. செய்தித்தாளில் நானும் படித்ததுதான். நாங்கள் தங்கும் அறையோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத்தான் தோன்றியது. விடுதிக்காரரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், இரவில் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப் போவதாக ஆசை காட்டினார். அது சட்டவிரோதம் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். முன்பணம் போனது போகட்டும் என்று வனத்துறை விடுதிக்கு மாறினோம். வெந்நீர் வாளியில் வரும், மெத்தை சுமார், சமையல் சொன்னால்தான் உண்டு. இருந்தும் அதற்குப் பிறகு வேறெங்கும் தங்கவில்லை.

இவ்வளவு தூரம் போய்ப் பார்த்த யானை கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. குடியாத்தத்துக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டி கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து நகர்ந்து வந்த யானைகள் அங்கே தங்கிவிட, 1990இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். எல்லைக்கோடு யானைக்குத் தெரியுமா? பேர்ணாம்பட்டு, குடியாத்தம் ஓரக் கிராமங்களில் நெல்லும் வாழையும் மாவும் விளைந்தால் இறங்கிவரும். அப்படி இறங்கி வந்து கணவரின் அண்ணன் மாந்தோப்பில் ஒரே இரவில் கிளைகளை ஒடித்து, குழாய்களை மிதித்து, கம்பி வேலியைச் சாய்த்துவிட்டுப் போயின. துக்கம் விசாரிக்கிற மாதிரி நாங்கள் நால்வரும் போனோம்.

"முதுமலையில போய் டிக்கெட் வாங்கிப் பார்க்கறீங்களே, அந்த யானைய இங்க ஓசியில பாருங்க" என்றார் அவர்.

"பெரியப்பா, அவை நம்ம தோப்புக்கு வரலை, அவங்க பாதையில தோப்பு இருக்கு" என்றாள் மகள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அது பாட்டன் காலத்துத் தோப்பு. அந்த யானைகள் வந்தது அவர் மீசை முளைத்த பிறகு. கணக்குப் போட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மகன் குறுக்கே பேசாமல் கால்தடங்களை அளந்துகொண்டிருந்தான். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு யானையின் உயரம் என்று தெப்பக்காட்டில் கேட்டது அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. அளந்து சொன்னதும் பெரியப்பாவே குனிந்து பார்த்தார். இழப்பீட்டு விண்ணப்பத்தை அன்று மாலை மகள்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

இப்போது திட்டம் போடுவது பிள்ளைகள். நாங்கள் பணம் போடுகிறோம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அதில் கடினமானவற்றுக்கு மட்டுமே அவர்கள் இருவரும் பெயர் கொடுக்கிறார்கள். என் முழங்காலுக்கும் அவர்கள் அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்றது வேன் சவாரிதான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். மூணாற்றில் 2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதற்கு நால்வரும் சேர்ந்து போக வேண்டுமென்று மகன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். அன்று யாருக்கு லீவு கிடைக்கும் என்பதில் மகளுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை, அதற்குள் ஓய்வு பெற்றிருப்பேன்.